சத்தியமங்கலத்தில் காணாமல் போன சின்னம்

2014 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு வாக்குரிமை பெற்ற சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் 2024 வரை நான்கு பொதுத்தேர்தல்களைப் பார்த்திருப்பார். அந்த நான்கில் ஒன்றில்கூட வாக்குப்பதிவு இயந்திரத்தில் காங்கிரசின் கை சின்னம் அவர் கண்ணில் பட்டிருக்காது. சத்தியமங்கலம் இப்போது பவானிசாகர் தனித் தொகுதியில் இருக்கிறது. காங்கிரஸ் இடம்பெற்ற கூட்டணிக்காக 2016இல் இங்கே நின்றது திமுக. 2021இல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. மக்களவைக்கு நீலகிரி. அங்கே 2019, 2024 இரண்டிலும் திமுக. ஒரு தலைமுறை வாக்காளர்கள் அந்தச் சின்னத்தில் விரல் வைக்கும் வாய்ப்பே இல்லாமல் வளர்ந்துவிட்டார்கள்.

இதே ஊரில் 1984இல் காங்கிரஸ் வென்றிருக்கிறது. வென்றவர் ஈ.வெ.கி.ச. இளங்கோவன். பின்னாளில் இரண்டு முறை மாநிலத் தலைவரானார். அவர் முதன்முதலில் சட்டமன்றத்துக்குப் போனது சத்தியமங்கலத்திலிருந்துதான். தொகுதி மறுசீரமைப்பில் சத்தியமங்கலம் என்ற சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போனது. ஆனால் தொகுதி போனதால் மட்டும் கட்சி இங்கே போய்விடவில்லை. அது தேய்ந்த கதைக்கு அறுபது வயதாகிறது. தேர்தலில் தோற்று, மாநிலத் தலைமையை மாற்றிக் கட்சியை நிமிர்த்திவிடலாம் என்று நினைக்கும் எந்தக் கட்சிக்காரரும், அவர் எந்தக் கொடி பிடித்தாலும், அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கதை 1967இல் தொடங்குகிறது. சத்தியமங்கலத்துக்கு மேற்கே பவானிசாகர் அணை. 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்தது. கீழ்பவானி வாய்க்காலில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். மேட்டாங்காடாகக் கிடந்த நிலம் நெல்லும் மஞ்சளும் கரும்பும் கண்டது காங்கிரஸ் ஆட்சியில். அந்த ஆட்சியில் நிதியமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். பிறகு டெல்லியில் உணவு, வேளாண் அமைச்சரானார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைக் கொண்டுவந்து பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்டவர் அவர். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, சக அமைச்சர் ஓ.வி. அளகேசனுடன் சேர்ந்து பதவி விலகல் கடிதம் கொடுத்தவரும் அவரே.

அவர் 1967இல் கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில், கீழ்பவானித் தண்ணீர் பாயும் அந்த மண்ணில், திமுகவின் பி.ஏ. சாமிநாதனிடம் தோற்றார். அணை கட்டிய கட்சி ஆயக்கட்டில் தோற்றது. இந்தித் திணிப்பின் மேல் இருந்த கோபமும் அரிசித் தட்டுப்பாடும் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியும் சேர்ந்து அடித்த அலை அது. விருதுநகரில் காமராசரே 1,285 வாக்கு வித்தியாசத்தில் சாய்ந்தார்.

ஆனால் அந்தத் தேர்தலில் பலர் கவனிக்காத எண் ஒன்று உண்டு. காங்கிரஸ் பெற்றது 41 விழுக்காடு வாக்கு, 51 இடம். திமுக பெற்றதும் ஏறக்குறைய அதே 41 விழுக்காடு, இடமோ 137. திமுக 174 தொகுதிகளில் நின்று மற்றவற்றைக் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டிருந்தது; காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. ஆட்சிதான் போனது, ஆள் போகவில்லை. ஐந்து பேரில் இரண்டு பேர் அப்போதும் அந்தக் கட்சிக்கே வாக்களித்தார்கள். 1971இல், கட்சி பிளந்த பிறகும், காமராசர் பக்கம் நின்ற ஸ்தாபன காங்கிரஸ் 35 விழுக்காடு வாக்கு வாங்கியது. இடம் 15தான். ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வைத்திருக்கும் கட்சியைச் செத்த கட்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் அந்த வாக்குகள் எங்கே போயின?

பாதி பதில் 1963இல் இருக்கிறது. அம்ரோகா, பரூக்காபாத், ராஜ்கோட் என்று மூன்று மக்களவை இடைத்தேர்தல்களில் காங்கிரஸ் தோற்றது. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராசர் திட்டம் அந்தச் சூழலில்தான் நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பதவியை விட்டார். 1964 ஜனவரியில் அகில இந்தியத் தலைவரானார். நோக்கம் நேர்மையானது, அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. விளைவு வேறு. ஊர் ஊராக ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மனிதர், நாட்டுக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் போய்விட்டார். இங்கே எம். பக்தவத்சலம் நிர்வாகத்தைப் பார்த்தார்; கட்சியைப் பார்க்கக் காமராசருக்குச் சமமான இன்னொருவர் இல்லை. கட்சியைப் பலப்படுத்த வகுத்த திட்டம், அந்தக் கட்சி வேரூன்றியிருந்த மாநிலத்திலேயே அதன் ஆணிவேரைப் பிடுங்கியது. நான்கு ஆண்டில் ஆட்சி போனது.

மீதிப் பதில் 1971. அதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றுவரை வரும் நோயின் மூலம் அங்கேதான் இருக்கிறது. 1969இல் காங்கிரஸ் பிளந்தபோது காமராசர் ஒரு பக்கம், சி. சுப்பிரமணியம் இந்திரா காந்தி பக்கம். 1971இல் மக்களவைக்கும் தமிழகச் சட்டமன்றத்துக்கும் ஒன்றாகத் தேர்தல் வந்தது. இந்திரா காங்கிரஸ் திமுகவோடு கூட்டுச் சேர்ந்தது. மக்களவையில் அதற்கு ஒன்பது இடம் கிடைத்தது. சட்டமன்றத்தில் ஓர் இடத்தில்கூட அது போட்டியிடவில்லை. 234இல் பூஜ்யம்.

டெல்லிக்கு அது லாபமான பேரம். மக்களவையில் கை தூக்க ஒன்பது பேர் வேண்டும். சென்னைக் கோட்டையில் யார் உட்கார்ந்தால் என்ன? சத்தியமங்கலத்தில் கட்சி நடத்துகிற ஆளின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். அவருக்குச் சட்டமன்ற வேட்பாளர் இல்லை. தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்கு நடக்கிறவருக்கும், வாய்க்கால் மடைக்குத் தண்ணீர் கேட்கிறவருக்கும், பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டுகிறவருக்கும் கைகாட்ட ஒரு சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அடுத்த முறை தனக்கு வாய்ப்பு வரும் என்று காத்திருக்க ஓர் இடமும் இல்லை. மாநில அதிகாரமே வேண்டாம் என்று ஒரு கட்சி எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தக் கட்சியில் மாநிலத் தலைவர் என்ற பதவிக்குப் பொருள் ஏது?

1975 அக்டோபர் 2 அன்று காமராசர் மறைந்தார். மறு ஆண்டு ஸ்தாபன காங்கிரசின் பெரும்பகுதி ஜி.கே. மூப்பனாரோடு இந்திரா காங்கிரசில் இணைந்தது. 1977 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் 27 இடம், 17 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அந்த ஆண்டு சத்தியமங்கலத்தில் வென்றது புதிதாகப் பிறந்த அதிமுக. வென்ற இளைஞர் கே.ஏ. செங்கோட்டையன். அவர் பெயர் பின்னாலும் வரும்.

அதற்குப் பிறகு காங்கிரசுக்குக் கிடைத்த பெரிய வெற்றிகள் கூட்டணி வெற்றிகள். 1980 மக்களவையில் திமுகவோடு 20 இடம். 1984இல் அதிமுகவோடு மக்களவையில் 25, சட்டமன்றத்தில் 61. மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரசுக்கு, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிமுகவுக்கு என்று எம்.ஜி.ஆர். காலத்தில் பேசிய கணக்கு அது. இளங்கோவன் சத்தியமங்கலத்தில் வென்றது இந்த அலையில்தான். வெற்றி உண்மையானது. ஆனால் கூட்டணியில் வாங்கிய வாக்கில் எது சொந்தம், எது கடன் என்று எண்ணிக்கை மையத்தில் பிரித்துச் சொல்ல வழியில்லை. தோற்றவன் கணக்குப் பார்ப்பான், வென்றவன் பார்ப்பதில்லை. பெட்டியில் விழுந்த அத்தனையும் தன்னுடையது என்று நம்பத் தொடங்கும் கட்சிக்கு, கிளை செத்துப்போனது பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியவரும்.

கணக்குப் பார்க்க ஒரே ஒரு முறை துணிந்தார்கள். 1989 ஜனவரி. எம்.ஜி.ஆர். மறைந்து அதிமுக இரண்டாகப் பிளந்திருந்த நேரம். மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் திராவிடக் கட்சிகளை நம்பாமல் களமிறங்கியது. ராஜீவ் காந்தி தமிழகத்துக்கு மீண்டும் மீண்டும் வந்து ஊர் ஊராகப் போனார். கிடைத்தது 26 இடம். வாக்கு 20 விழுக்காட்டை ஒட்டி. ஆட்சியைப் பிடிக்கத் துணிந்த கட்சிக்கு அது தோல்விதான். ஆனால் 22 ஆண்டு ஆட்சியில் இல்லாமல், கட்சி இரண்டு முறை உருமாறிய பிறகும், ஐந்தில் ஒருவர் கூடவே இருந்தார்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அந்த 20 விழுக்காட்டை வைத்துக்கொண்டு அடுத்த பத்து ஆண்டு தனியாக உழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் உழைத்துப் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தது. அதிமுகவோடு கூட்டு. காங்கிரசுக்கு 27 இடம். ஜனவரியின் பாடம் நவம்பரில் மறந்துபோனது.

1996இல் அந்தப் பாடம் வேறு வடிவில் திரும்பி வந்தது. அதிமுக ஆட்சி மீது மக்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டு வேண்டாம் என்று மாநிலக் காங்கிரசார் தெளிவாகச் சொன்னார்கள். நரசிம்ம ராவின் மேலிடம் கேட்கவில்லை. மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். சில வாரங்களில் அந்தப் புதுக்கட்சி 39 சட்டமன்ற இடமும் 20 மக்களவை இடமும் வென்றது. டெல்லி வைத்திருந்த காங்கிரஸ் சட்டமன்றத்தில் ஓர் இடம்கூட வெல்லவில்லை. மாநிலத் தலைமைக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை என்றால் பெயரும் கொடியும் டெல்லியிடம் இருந்தாலும் கட்சி வெளியேறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை. ஆனால் தமாகாவும் கூட்டணி நிழலில்தான் வளர்ந்தது. 2001 ஆகஸ்டில் மூப்பனார் மறைந்தார். 2002இல் கட்சி மீண்டும் காங்கிரசில் கரைந்தது. 2014இல் அவர் மகன் ஜி.கே. வாசன் மறுபடியும் பிரிந்தார்.

அந்த 2014தான் கணக்கு முழுதாக வெளிப்பட்ட ஆண்டு. கூட்டணி அமையாமல் காங்கிரஸ் 39 தொகுதியிலும் நின்றது. வாக்கு 4.3 விழுக்காடு. பதிவான செல்லுபடி வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் வைப்புத்தொகை திரும்பும். 38 இடங்களில் திரும்பவில்லை. கன்னியாகுமரி மட்டும் தப்பியது. 1989இல் ஐந்தில் ஒருவர், 25 ஆண்டில் இருபத்து மூன்றில் ஒருவர் ஆனார். இடையில் அதே கட்சி எத்தனை கூட்டணி வெற்றிகளைக் கொண்டாடியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தது தலைவர் மாற்றம். மாநிலத் தலைவராக இருந்த ஞானதேசிகன் 2014 அக்டோபரில் விலகினார். இளங்கோவன் வந்தார், 2016 தேர்தலில் 41 இடத்தில் 8 மட்டுமே கிடைத்ததும் ஜூனில் விலகினார். அடுத்த தலைவராகத் திருநாவுக்கரசரை அறிவிக்கச் செப்டம்பர் ஆயிற்று. 2019 பிப்ரவரியில் கே.எஸ். அழகிரி. 2024 பிப்ரவரியில் செல்வப்பெருந்தகை. பத்து ஆண்டில் கட்சியின் மாநிலத் தலைமையகமான சத்தியமூர்த்தி பவன் ஐந்து தலைவர்களைப் பார்த்தது. இவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தலைவரும் வந்ததும் மாவட்டத் தலைவர் பட்டியலுக்கு டெல்லியின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். பட்டியல் வந்தால் பழைய தலைவரின் கோஷ்டி ஒதுங்குகிறது. தேர்தல் வந்தால் எத்தனை இடம், எந்த இடம் என்பதை மேலிடப் பார்வையாளர் பேசுகிறார். ஐந்து ஆண்டு தண்ணீர் விட்டு வளர்த்த தொகுதி கூட்டணிக்குப் போய்விடும் என்றால் எந்த வட்டாரத் தலைவர் தண்ணீர் விடுவார்?

இளங்கோவனின் கடைசி ஆண்டுகளையே பாருங்கள். 1984இல் சத்தியமங்கலம், 2004இல் கோபிசெட்டிபாளையம். பிறகு ஈரோட்டில் தோல்வி, திருப்பூரில் தோல்வி, 2019இல் தேனிக்குப் போய் அங்கும் தோல்வி. மகன் மறைந்த துயரத்தோடு 2023இல் ஈரோடு கிழக்கில் நின்று வென்றார். 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார். 2025 பிப்ரவரி இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியைக் காங்கிரஸ் திமுகவுக்கு விட்டுக்கொடுத்தது. கொங்கு மண்ணில் கட்சியின் கையில் இருந்த ஓரிடம், வாக்குப்பதிவுக்கு முன்பே கைமாறியது.

2019இல் ஒன்பதில் எட்டு, 2021இல் இருபத்தைந்தில் பதினெட்டு, 2024இல் ஒன்பதிலும் வெற்றி என்று சொல்வார்கள். சரிதான். 39இல் ஒன்பது என்றால் 30 தொகுதியில் நிற்கவில்லை. 234இல் 25 என்றால் 209இல் நிற்கவில்லை. நிற்காத இடத்தில் பூத் கமிட்டி எதற்கு? வாக்குச்சாவடி முகவர் அந்தச் சாவடியின் வாக்காளராகவோ பக்கத்துச் சாவடியைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அப்படி ஆள் கிடைக்காவிட்டால் தொகுதியின் எந்த வாக்காளரும் உட்காரலாம் என்று 2021இல் தேர்தல் ஆணையம் தளர்த்தியது. அந்தத் தளர்வு பயன்படும் கட்சிகள் எவை என்று யோசித்துப் பார்த்தால் போதும். விடியற்காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவிலிருந்து இரவு இயந்திரத்துக்கு அரக்கு வைக்கும்வரை அசையாமல் உட்கார்ந்து, பதிவான வாக்குக் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தை வாங்கிப் பத்திரப்படுத்தும் ஆளைக் கூட்டணிக் கட்சி கடனாகத் தரும். எப்போதும் தரும் என்ற உறுதி கிடையாது.

மாநிலத் தலைமை மூலம் கட்சியை மீட்கவே முடியாதா? முடியும். அதைப் பார்க்கச் சத்தியமங்கலத்துக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பண்ணாரியைத் தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூர் கடந்தால் கர்நாடகம். சாமராஜநகர் மாவட்டம். அதே காடு, அதே யானை வழித்தடம், அதே கட்சி. 2019 மக்களவைத் தேர்தலில் கர்நாடகம் முழுவதிலும் காங்கிரசுக்கு ஓரிடம்தான் கிடைத்தது. அந்த ஆண்டே சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி தாவி, கூட்டணி ஆட்சியும் கவிழ்ந்தது. 2020 மார்ச்சில் டி.கே. சிவகுமார் மாநிலத் தலைவரானார். 2023 மே மாதம் 135 இடங்களோடு ஆட்சி. சாமராஜநகர் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் மூன்று காங்கிரசுக்கு. சிவகுமார் புதிதாக ஒரு கட்சியை உருவாக்கவில்லை. 2018இல் தோற்றபோதே அங்கே 38 விழுக்காடு வாக்கு இருந்தது, காரணம் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் கட்சி தன் பெயரில் நின்றுகொண்டே இருந்தது. தூண்ட விளக்கில் எண்ணெய் இருந்தது.

தெலங்கானாவில் வேறொரு செய்தி. 2018இல் 119இல் 19 இடம். அதில் 12 பேர் மறு ஆண்டே ஆளும் கட்சிக்குத் தாவினார்கள். 2021 ஜூனில் ரேவந்த் ரெட்டி தலைவரானார். அந்த நவம்பரில் ஹுசூராபாத் இடைத்தேர்தலில் வைப்புத்தொகை போனது. 2022 நவம்பரில் முனுகோடு இடைத்தேர்தலிலும் போனது. கட்சிக்குள்ளேயே மூத்தவர்கள் அவரை மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. 2023 டிசம்பரில் 64 இடம், ஆட்சி. இரண்டு முறை அவமானப்பட்ட தலைவருக்கு மூன்றாவது வாய்ப்பு கிடைத்தது. இங்கே ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு தலைவரைக் கணக்குத் தீர்த்தார்கள்.

தமிழ்நாட்டிலேயே எதிர்ப்பக்கத்து உதாரணம் திமுக. ஆட்சியைப் பிடிப்பதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1959இல், சென்னை மாநகராட்சியைப் பிடித்தது. 1962இல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். கட்சி 50 இடம் பெற்றது. 1976இல் ஆட்சி போய் 1989வரை 13 ஆண்டு வெளியே இருந்தது. 1986 உள்ளாட்சித் தேர்தலில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருக்கும்போதே பெரும்பாலான நகராட்சிகளை வென்றது. 1991இல் இரண்டே இடம், 1993இல் வைகோவோடு பல மாவட்டச் செயலாளர்கள் வெளியேறினார்கள், 1996இல் 173 இடம். தலைமை மாறவில்லை என்பதைவிட முக்கியமானது, கிளைச் செயலாளர் என்ற பதவியில் எல்லா ஆண்டும் ஒரு ஆள் இருந்தார் என்பது.

இப்போது கொங்கு மண்டலத்தில் இந்த எச்சரிக்கையை அதிகம் கேட்க வேண்டியவர்கள் காங்கிரஸ்காரர்கள் மட்டுமல்ல. 2021இல் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அதிமுக கூட்டணிக்கு. மூன்றே ஆண்டில், 2024இல், கோவையிலும் நீலகிரியிலும் அதிமுக மூன்றாவது இடம். மாநிலம் முழுக்க ஏறக்குறைய 20 விழுக்காடு வாக்கு, இடம் பூஜ்யம். 1989இல் காங்கிரஸ் நின்ற அதே 20 விழுக்காடு. 1977இல் சத்தியமங்கலத்தில் வென்று, பிறகு கோபியைச் சுற்றி நாற்பது ஆண்டுக்கு மேல் கட்சி நடத்திய செங்கோட்டையன் 2025 செப்டம்பரில் பொறுப்புகளிலிருந்தும் அக்டோபரில் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். நவம்பரில் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். யார் சரி, யார் தவறு என்ற வழக்கை நான் எடுக்கவில்லை. தலைமையின் கட்டளை நின்றது. ஆனால் அவரோடு போன கிளைச் செயலாளர்கள் எத்தனை பேர் என்பதைக் கோபி, சத்தி, பவானி வட்டாரத்தில் உட்கார்ந்து எண்ணினால்தான் தெரியும். அந்த எண்ணிக்கை எந்த அறிக்கையிலும் வராது.

பாஜகவுக்கும் இந்த மண்ணில் பழைய கணக்கு இருக்கிறது. சி.பி. ராதாகிருஷ்ணன் கோவையில் 1998இல் அதிமுக துணையோடும் 1999இல் திமுக துணையோடும் வென்றார். 2004இல் கூட்டணி சாய்ந்தபோது அவரும் தோற்றார். 2021 ஜூலையில் கரூர்க்காரரான அண்ணாமலை மாநிலத் தலைவரானார். 2024இல் கட்சியின் வாக்கு 11 விழுக்காட்டைத் தாண்டியது, இடம் எதுவும் இல்லை, கோவையில் அவரே தோற்றார். 2025 ஏப்ரலில் அதிமுகவோடு கூட்டணி அறிவிக்கப்பட்ட அதே நாளில் மாநிலத் தலைமை நயினார் நாகேந்திரன் கைக்குப் போவது உறுதியானது. மாநிலத் தலைவர் யார் என்பது கூட்டணிப் பேச்சின் ஒரு வரியாக மாறிய பிறகு, அந்தப் பதவியில் இருப்பவரை நம்பிக் கிராமத்தில் யார் கொடிக்கம்பம் நடுவார்கள்? காங்கிரஸ் 1971இல் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் முதல் வரியும் இப்படித்தான் இருந்தது.

மீட்பு எங்கே தொடங்கும் என்று கேட்டால் என்னிடம் உள்ள ஒரே பதில் ஊராட்சி. ஈரோடு மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 2016இல் நடக்க வேண்டிய தேர்தலே மூன்று ஆண்டு தள்ளிப்போய்த்தான் 2019இல் நடந்தது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சிச் சின்னம் உண்டு. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கிடையாது. அங்கே பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். கடம்பூர் மலையிலோ தாளவாடியிலோ பவானிசாகரை ஒட்டிய ஓர் ஊரிலோ, கட்சியின் பெயரைச் சொல்லாமலே முன்னூறு வீட்டுக்காரர்கள் வாக்குப் போடும் ஓர் ஆள் தங்களிடம் இருக்கிறாரா என்று எந்தக் கட்சியின் மாநிலத் தலைவரும் வேட்புமனு நாளில் தெரிந்துகொள்ளலாம்.